லீவு எழுதும் முன் கடலைப் பாருங்கள்

றொசல்லயிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் லீவு எப்படிக் கரைகிறது என்பது நமக்குத் தெரியும். தோட்டத்துத் திருவிழாவுக்கு இரண்டு நாள், சொந்தத்தில் ஒரு கலியாணம், ஒரு கருமாதி, தீபாவளிக்கு முன்னும் பின்னும். டிசம்பரில் மிச்சம் இருப்பதைக் கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுகிறோம். அம்மா அப்பாவை ஒரு தடவை யாழ்ப்பாணத் தீவுகளுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை மட்டும் வருடா வருடம் தள்ளிப்போகிறது. அதை இந்தத் தடவை நடத்திக்காட்டலாம். லீவைச் சரியான மாதத்தில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

கடையிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். இரண்டாம் வருடத்திலிருந்து சம்பளத்தோடு 14 நாள் வரை வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. அந்த 14இல் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க உரிமை உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் இது. முதல் வருடத்தில் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதைப் பார்த்து அடுத்த வருட லீவு கணக்கிடப்படும்: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தால் முழு 14, ஒக்டோபருக்குப் பிறகு என்றால் 4. முந்திய வருடம் நீங்கள் கொடுத்த உழைப்புக்கான பங்கு அது. கேட்கும்போது குரல் தாழ வேண்டியதில்லை.

வீட்டில் கணக்கு வேறு. மலையில் பேர் விழாத நாளுக்கு அம்மாவுக்குக் காசில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போது ஒரு வாரம் தோட்டத்தை விட்டு வரச்சொல்வது அவர்களுக்குப் பெரிய நட்டம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வெயிலும் இரவுப் பனியும், கொழுந்தும் குறைவு. அந்த நாட்களில் கேட்டால் கணக்கப்பிள்ளையும் முகம் சுளிக்கமாட்டார்.

கடலும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கில் வாடை மழை. மே மாதத்துக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் நெடுந்தீவுக் கடல் அடிக்கும், படகு நிற்கும் நாட்களும் உண்டு. இலங்கையில் மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை நமக்குப் பக்கத்து ஸ்டேஷன். மழை ஓய்வதற்குக் காத்திருந்து பழகியவர்கள் நாம். ஆனால் இங்கே மழை ஓய்வதும் அங்கே கடல் அடங்குவதும் பெப்ரவரியில்தான் ஒன்றாகக் கூடிவருகின்றன. மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவுகளுக்கு வருட முடிவு நெருக்கடி, கடைகளுக்குப் புத்தாண்டு வியாபாரம். ஆகவே பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் ஆகஸ்ட் விடுமுறையை நம்பவேண்டாம், சோளகம் வீசும் மாதம் அது. ஏப்ரல் விடுமுறை அவர்களுக்கு நல்லது; பஸ்ஸில் மட்டும் நெரிசல் இருக்கும்.

இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் தந்த லீவு, மேலாளர் மாறினால் காற்றோடு போய்விடும். கடிதம் நீளவேண்டாம்: "பெப்ரவரி 16 முதல் 20 வரை வருடாந்த லீவில் ஐந்து நாள் கோருகிறேன். மாதாந்த ஸ்டொக் கணக்கை 13ஆம் திகதிக்குள் முடித்துக்கொடுப்பேன். என் இடத்தில் பில் வேலையைப் பார்க்கச் சக ஊழியர் சம்மதித்திருக்கிறார்." இவ்வளவே போதும். மேலாளரின் மனதில் ஓடும் ஒரே கேள்வி 'வேலையை யார் பார்ப்பது' என்பதுதான். அதற்குப் பதில் கடிதத்திலேயே இருந்தால் மறுக்கக் காரணம் குறையும். சம்மதித்த சக ஊழியருக்கு அடுத்த தடவை நீங்கள் கைகொடுங்கள். பௌர்ணமி போயா அந்த வாரத்தில் விழுந்தால் ஒரு லீவு நாள் மிச்சம். ஆனால் போயாவிலும் ஞாயிறிலும் நயினாதீவில் கூட்டம் அதிகமாக இருக்கும், அதைத் தவிர்த்தே திட்டம் போடுங்கள்.

வழி எளிது. ஹற்றனிலிருந்து கண்டிக்கு பஸ். கண்டியிலிருந்து ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் 320 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் ஏறினால் விடியலில் இறங்கலாம். கோச்சிதான் வேண்டுமென்றால் பொல்கஹவெலயில் வடக்குப் பாதைக்கு மாறவேண்டும். மண்சரிவு காலத்தில் மலைநாட்டுப் பாதை மூடப்படுவதால் முதல் நாளே விசாரியுங்கள்.

இனித் தீவுகள். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும், அங்கிருந்து இன்னொரு கடல்வீதியால் புங்குடுதீவுக்கும் பஸ்ஸிலேயே போகலாம். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், அதில் நட்டிருக்கும் மீன்பிடித் தடிகள், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. மலையிலேயே வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சமவெளி புதிது. அப்பாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுங்கள். வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடியும். அதற்கப்பால் படகு.

நெடுந்தீவை முதலில் வையுங்கள். அதுதான் தூரம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கடல். காற்றடித்தால் முதலில் நிற்பதும் அந்தப் படகுதான். லீவின் முதல் நாளான திங்கட்கிழமை படகு ஓடாவிட்டால் செவ்வாய், புதன் கையில் இருக்கும். கடைசி நாளுக்குத் தள்ளியவர் ஒன்றில் தீவைப் பார்க்காமல் வருவார், இல்லையென்றால் தீவில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் பிந்துவார். காலைப் படகைப் பிடியுங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கியவுடனேயே கேளுங்கள். தீவில் நல்ல தண்ணீர் அருமை, கையில் கொண்டுபோங்கள். அடையாள அட்டையை மறக்கவேண்டாம். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், பெரியவர்களுக்கும் போட்டுவிடுங்கள்.

பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக, சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள் அங்கே ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுகின்றன. பழைய கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், வெளியில் மேயும் மட்டக்குதிரைகள். குதிரைகளுக்குத் தீனி போடவேண்டாம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன தீவு மக்கள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். இறங்குதுறைப் பக்கத்து நினைவிடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

அடுத்த நாள் நயினாதீவு. கால் மணி நேரப் படகு, நாகபூசணி அம்மன் கோயில், நாக விகாரை; காலையில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பலாம். மூன்றாம் நாள் ஊர்காவற்றுறை. அங்கிருந்து மிதவைப் பாதையில் ஏறிக் காரைநகருக்குப் போகும்போது கடல் நடுவே கடற்கோட்டை தெரியும். காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லை, கடலில் இறங்கியே இராத அம்மாவும் பயமில்லாமல் காலை நனைக்கலாம்.

வியாழனைக் காலியாக விடுங்கள், கடல் அடித்துப் படகு நின்றால் ஈடுகட்டும் நாள் அது. வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலை கண்டி, மத்தியானம் வீடு. ஞாயிறு தூங்குங்கள். ஞாயிறு இரவு நேராகக் கொழும்பில் இறங்கித் திங்கள் காலை கடை திறக்கப் போவது உடம்பையும் கெடுக்கும், அடுத்த தடவை லீவு கேட்கும் முகத்தையும் கெடுக்கும்.

மூன்று நாள்தான் கிடைக்கிறதா? நெடுந்தீவை விட்டுவிட்டு நயினாதீவும் காரைநகரும் மட்டும் போய்வாருங்கள். ஐந்து நாள் கிடைக்கும் பெப்ரவரிக்கு அதற்கான கடிதத்தை இந்த டிசம்பரிலேயே கொடுத்துவையுங்கள்.