சப்ஜி என்று எதைச் சொல்லலாம்?

இலையில் சோறு விழுந்ததும் வடக்கத்திக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சப்ஜி க்யா ஹை?" என்பதுதான். குற்றாலத்தில் மெஸ் நடத்துகிறவர்களும், தென்காசிப் பக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் இதற்காக இந்திப் புத்தகம் வாங்கி உட்கார வேண்டியதில்லை. இந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் புழங்கத் தெரிந்தாலே பரிமாறுவதில் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

அகராதியைப் புரட்டினால் "காய்கறி" என்று இருக்கும். அது பாதிதான். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டையில் கிடக்கும் கத்தரிக்காயும் சப்ஜி, அதை வதக்கி இலையோரம் வைத்தாலும் சப்ஜி. பொரியல், கூட்டு, அவியல், துவட்டல் என்று நாம் பிரித்து வைத்திருப்பதையெல்லாம் அவர்கள் அந்த ஒரு பெயருக்குள் போட்டுவிடுவார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான் இது. ஆனால் நம் வெஞ்சனத்தில் கருவாடும் அடங்கும், முட்டையும் அடங்கும். வெறுமனே சப்ஜி என்று சொன்னால், கேட்பவர் மரக்கறி என்றே எடுத்துக்கொள்வார்.

அதனால் பரோட்டாக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சால்னாவைக் காட்டி "சப்ஜி" என்று சொல்லவே சொல்லாதீர்கள். துண்டு எதுவும் மிதக்கவில்லை என்பதால் அது சைவமாகிவிடாது; கோழி வெந்த சாறு அதில் இருந்தால் "நான்வெஜ் ஹை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாரல் அடிக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் அவர்களுடைய சாவன் மாதமும் வருகிறது. சிவனுக்குரிய மாதம் என்று அப்போது அசைவம் தொடாத குடும்பங்கள் ஏராளம். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்தவர் தெரியாமல் பிசைந்து சாப்பிட்ட பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை. "பினா ப்யாஜ் லஹ்சுன்" என்று ஒருவர் கேட்டால் வெங்காயம், பூண்டு இரண்டும் கூடாது என்று பொருள். பல்லாரி மட்டுமல்ல, சின்ன உள்ளியும் சேர்த்துத்தான். அப்படிப்பட்டவருக்குத் தயிரும் அப்பளமும் கொடுத்து அனுப்புவது, சமாளிப்பதைவிட மேல்.

உச்சரிப்புக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். "கம்பு" என்பதில் கடைசி எழுத்து எப்படி ஒலிக்கிறதோ அந்த ஒலிதான் நடுவில் வருவது. புத்தக இந்தியில் கடைசி எழுத்து கொஞ்சம் சீறும். பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர்களே சாதாரண "ஜி" போட்டுத்தான் பேசுகிறார்கள். நாமும் அப்படியே பேசலாம். போஜ்புரி, வங்காளம், ஒடியா பேசுகிறவர்கள் "தர்காரி", "தொர்காரி" என்றும் சொல்வார்கள். அதுவும் இதுதான்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். சப்ஜி அவர்களுக்குப் பெண்பால். ஆகவே "ஆலூ கா" அல்ல, "ஆலூ கீ சப்ஜி". முன்னால் காயின் பெயரை மாற்றிக்கொண்டே போகலாம்: வெண்டைக்காய் என்றால் பிண்டி, சுரைக்காய் என்றால் லௌகி, கத்தரிக்காய் என்றால் பைங்கன். "கோபி 65" தின்றவர்களுக்குக் கோபி என்றால் காலிஃபிளவர் என்று தெரிந்திருக்கும். முட்டைக்கோஸுக்கு அதன் முன்னால் "பத்தா" சேர்க்க வேண்டும், பத்தா கோபி. பொரியல் மாதிரி வறண்டிருந்தால் "சூகி", சாறாக இருந்தால் "ரஸேதார்". சப்பாத்திக்கு உட்கார்ந்தவர் ரஸேதார் கேட்டால் கோஸ் பொரியலை நீட்டாதீர்கள், கூட்டை நீட்டுங்கள். தேங்காய் தூவியிருந்தால் "நாரியல்" என்று காட்டிச் சொல்லலாம். சிலருக்கு அது புதிது. சாம்பாரைச் சப்ஜி என்று விளக்க வேண்டாம், சாம்பார் என்றே சொல்லுங்கள். அந்தப் பெயர் நமக்கு முன்பே டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுபடி வைக்கும்போது "சப்ஜி லோ" என்பது "எடுத்துக்கோ" மாதிரி. வயதில் மூத்தவரிடம், குடும்பத்தோடு வந்தவரிடம் "சப்ஜி லீஜியே" என்று சொல்ல வேண்டும். சித்தாள் வேலைக்கு வந்தவரிடமும் அப்படியே சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் "பஸ்" என்றால் போதும் என்று அர்த்தம், பேருந்தைத் தேடவில்லை.

இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கும் இந்தச் சொல் வேண்டும். பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதரை இங்கே கும்பிட்டு, வட காசிக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்று நினைக்காத குடும்பம் தென்காசியில் குறைவு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், காசியில் பேச இந்துஸ்தானி வேண்டும் என்று சரஸ்வதியை வேண்டிப் பாடியே அதைக் கற்றார் என்பது மரபு. நமக்கு அவ்வளவு தேவைப்படாது. காசியில் காலைப் பலகாரம் கச்சோரி சப்ஜி, பூரி சப்ஜி. இட்லிக்குச் சட்னி போல அங்கே சப்ஜி கூடவே வந்துவிடும். மதியக் கடையில்தான் கணக்கு வேறு. நம் ஊர்ச் சாப்பாடு போலக் கேட்கக் கேட்க வைப்பார்கள் என்று எண்ணி உட்காராதீர்கள். பல கடைகளில் ரொட்டிக்கு எண்ணிக்கை, சப்ஜிக்குத் தட்டு. உட்கார்ந்ததும் "சப்ஜி கித்னே கீ ஹை?" என்று விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதை யாரும் குறையாக நினைப்பதில்லை. "ஹாஃப்" கேட்டால் அரைத் தட்டும் பல இடங்களில் கிடைக்கும்.