பிட்காயின் அகழ்வின் கடுமையும் சுவடியின் வளர்ச்சியும்

அகழ்வோர் பெருகப் பெருகப் பிளாக்செயின் விரைந்து வளரும் என்று எண்ணுவார் பலர். ஆள் மிகுந்தால் அறுவடை விரையுமாறு போல இதுவும் ஆகுமென்பது அவர் கருத்துப் போலும். பிட்காயினின் வரலாற்றை நோக்குவார்க்கு அஃது அவ்வாறன்று என்பது புலனாம்.

பிட்காயின் என்பது அரசும் வங்கியும் இடைநில்லாது வழங்கும் மின்னணுப் பணம். அதன் கொடுக்கல் வாங்கல் யாவும் பிளாக்குகளில் எழுதப்படுகின்றன. பிளாக்கை ஏடென்றும், பிளாக்செயினைச் சுவடியென்றும் ஈண்டு வழங்குவாம். பனையோலைச் சுவடியிற் கயிற்றை அவிழ்த்து ஓரேட்டை உருவிவிடலாம்; அங்ஙனம் ஏடிழந்த நூல்கள் பலவென்பதைத் தமிழ் மாணாக்கர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. இச்சுவடியிலோ ஒவ்வோர் ஏடும் தனக்கு முந்தியதன் அடையாளத்தைத் தன்னுட் கொண்டிருத்தலின், இடையில் ஓரெழுத்தை மாற்ற விரும்புவான் அதற்குப் பிற்பட்ட ஏடுகள் அனைத்தையும் புதிதாய் ஆக்கல் வேண்டும்.

ஏடாக்குதல் எளிதன்று. ஷா-256 என்னுங் கணிப்பு முறையால் ஏட்டின் தலைப்பை ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண் குறித்ததோர் எல்லைக்குட்படும் வரையில் மீண்டும் மீண்டும் முயலல் வேண்டும். குறுக்குவழி எதுவும் அறியப்படவில்லை. முயற்சியின் தொகையே துணை. இதுவே அகழ்வு எனப்படுவது. வென்றவர்க்குப் புதிய பிட்காயினும், எழுதுவித்தோர் தருங் கட்டணமும் ஊதியமாம். எல்லை தாழுந்தோறும் கடுமை உயரும். கடுமை 1 ஆயின், சராசரி 429 கோடி முயற்சிக்கு ஓரேடு கிட்டும்.

முதலேடு 2009 ஜனவரி 3ஆம் நாளைக்குரியது. அன்று கடுமை 1. 2024 நவம்பரில் அது கோடியைக் கோடியாற் பெருக்கிய தொகையைக் கடந்தது. ஏடு சேரும் வேகம் மட்டும் பத்து நிமிடத்திற்கு ஒன்றென்னும் அளவையே பற்றி நிற்கின்றது. எங்ஙனமெனின், 2016 ஏடுகள் முடியுந்தோறும் அவற்றிற்குச் சென்ற காலத்தை மென்பொருள் கணக்கிடும். பதினான்கு நாளிற் குறைந்ததாயின் கடுமையை உயர்த்தும், மிகுந்ததாயின் தாழ்த்தும். எனவே, பெருகும் பொறிகள் சுவடியை நீட்டுவதில்லை. அதனை அழித்தெழுதுதற்காகுஞ் செலவையே உயர்த்துகின்றன. ஓரேடு எவ்வளவு கொள்ளும் என்பதும் கடுமையைப் பொறுத்ததன்று; அதற்கு வேறு விதியுண்டு.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. திருத்தம் எப்பொழுதும் பின்தங்கியே வருகின்றது. புதிய பிட்காயின் ஊதியம் 2,10,000 ஏடுகளுக்கு ஒருமுறை பாதியாகும்; கணக்கின்படி இதற்கு ஏறத்தாழ நான்காண்டு செல்லும். 2012 நவம்பர் 28இல் 50 பிட்காயின் 25 ஆயிற்று. அடுத்த குறைவு 2016 நவம்பரில் வரற்பாலது. ஜூலை 9ஆம் நாளே வந்துற்றது. அந்நாளில் பொறிகள் இடையறாது பெருகினமையால், கடுமை அவற்றைத் துரத்தியதேயன்றி எட்டிப் பிடித்திலது. 2021இல் இதற்கு மாறாயிற்று. சீன அரசு அகழ்வை ஒடுக்கவே பொறிகள் பெருந்தொகையாய் ஓய்ந்தன, ஏடுகள் தாமதித்தன. ஜூலை 3இல் கடுமை நூற்றுக்கு ஏறக்குறைய 28 பங்கு தாழ்ந்தது. அதுகாறும் அத்துணை வீழ்ச்சி நேர்ந்ததில்லை. எனினும் சுவடி அறுந்திலது.

திருத்தம் விரைந்து வருதல் நன்றன்றோ எனின், அதற்கும் ஓர் அளவுண்டு. 2017 ஆகஸ்டு 1இல் பிரிந்த பிட்காயின் கேஷ், பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறேடும் சேராதாயின் கடுமையை ஐந்திலொரு பங்கு குறைக்கும் விதியை மேற்கொண்டது. எளிதானபோது அகழ்வோர் திரண்டு வந்தனர். கடுமை ஏறியதும் அகன்றனர். ஏடுகள் ஒருகால் மழையாய்ப் பொழிந்தும், ஒருகால் வறண்டும் வந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. இரண்டு வாரம் பொறுத்திருக்கும் பழைய முறையை மந்தமென்று இகழ்வார் இதனைக் கருதுக.

இனி நெடுங்காலத்தை நோக்குவாம். ஊதியம் பாதி பாதியாய்த் தேய்ந்து, 2140ஆம் ஆண்டளவில் முற்றும் அற்றுப்போமாறு வகுக்கப்பட்டுள்ளது. கட்டணம் அவ்விடத்தை நிரப்பாதாயின், நட்டமுறும் பொறிகள் ஓயும், கடுமை தாழும், பத்து நிமிடத்திற்கு ஓரேடென்னும் வேகமோ மீண்டுவிடும். சுவடியின் நீளத்தை மட்டும் அளப்பார்க்கு ஒரு குறையும் தோன்றாது. ஆயின், அதனைத் திருத்தியெழுத விழைவானுக்காகுஞ் செலவு குறைந்திருக்கும். அச்சத்திற்குரியது வளர்ச்சி நிற்றலன்று, வலியிழந்தும் வளர்தலே என யாம் கருதுகின்றோம். 2024 ஏப்ரல் 20இல் ஊதியம் 3.125 ஆகக் குறைந்தபொழுது, அந்த ஓரேட்டிற்கு மட்டும் 37 பிட்காயினுக்கு மேற்பட்ட கட்டணம் சேர்ந்தது. சின்னாளில் அப்பெருக்கு வடிந்தது. ஏடுகள் முன்போலவே சேர்ந்து வந்தன.