வீடு மாறியபின் இணைய இணைப்புக்கு அபராதம் கேட்டால்

கிராமங்களுக்குச் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, இப்பொழுது கண்ணாடி இழைக் கம்பியும் வந்துகொண்டிருக்கிறது. பாரத்நெட் திட்டத்தின் வாயிலாக நம் மாநிலத்தின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளை இணைக்கும் வேலை ஒருபுறமிருக்க, மறுபுறம் தனியார் நிறுவனங்களும் உள்ளூர்க் கேபிள்காரர்களும் வீடுகளுக்குப் பிராட்பேண்ட் இணைப்பைக் கொடுத்து வருகின்றனர். பட்டா நகல் எடுப்பதற்கும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதற்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் இது எவ்வளவு பயன்படுகிறது என்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

ஈண்டு நாம் ஆராயப் புகுவது வேறொரு விஷயம். இணைப்பு வாங்கிய குடும்பம் வேறு ஊருக்கோ, அதே ஊரில் தோட்டத்து வீட்டுக்கோ குடிபெயர்கிறது. இணைப்பை நிறுத்தச் சொன்னதும், "ஓராண்டு முடியுமுன் நிறுத்துகிறீர்கள், ஆகவே இவ்வளவு தொகை கட்டவேண்டும்" என்று நிறுவனத்திலிருந்து பில் வருகிறது. சில பில்கள் ஓர் ஏக்கர் நடவுக் கூலியை எட்டிவிடுகின்றன. பயந்து கட்டிவிடுவோர் பலர். கிழித்தெறிந்துவிட்டு மறந்துபோவோர் சிலர். இரண்டும் சரியான வழியன்று. கட்ட வேண்டியது எவ்வளவு, மறுக்க வேண்டியது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, எழுத்தில் மறுப்பதே வழி.

நிறுவனத்தின் பக்கத்து நியாயம்

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். தெருமுனைக் கம்பத்திலிருந்து வீடுவரை கம்பி இழுப்பதற்கும், ரூட்டர் வைப்பதற்கும் நிறுவனத்துக்குச் செலவு உண்டு. "பொருத்துக் கூலி இலவசம்" என்று விளம்பரம் செய்யும்பொழுது, அச்செலவை ஓராண்டு மாதக் கட்டணத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்பதே அவர்கள் கணக்கு. மூன்றாம் மாதமே ஒருவர் விட்டுச் சென்றால் அவர்களுக்கு நஷ்டம் உண்டாவது மெய். ஆகவே, ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் என்ற ஷரத்து இருப்பதையே அநியாயம் என்று கூறிவிட முடியாது. வீடு மாறியது நம்முடைய காரியம். அதற்காக நிறுவனம் தவறிழைத்தது என்று வாதிப்பதும் எடுபடாது.

வழக்கின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. அத்தகைய ஷரத்து நமக்கு எழுத்தில் காட்டப்பட்டதா? புதிய வீட்டுக்கு இணைப்பை மாற்றித்தருமாறு நாம் கேட்டோமா? கேட்டபொழுது நிறுவனம் யாது விடை கூறிற்று? கேட்கும் தொகை மெய்யான நஷ்டமா, அன்றி மிரட்டும் அபராதமா? இவற்றிற்குக் கிடைக்கும் விடையே தொகையைத் தீர்மானிக்கும்.

சட்டம் கூறுவது

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மிகப் பழமையானதாயினும், இன்றைய கண்ணாடி இழைக்கும் அதுவே அளவுகோல். அதன் 74 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை முறித்தால் இன்ன தொகை என்று முன்னரே எழுதி வைத்திருந்தாலும், அத்தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. நியாயமான நஷ்ட ஈடு எதுவோ அதுவே கிடைக்கும்; எழுதப்பட்ட தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. நஷ்டத்தை அளந்து காட்டக்கூடிய இடத்தில் அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஆம் ஆண்டில் தெளிவாக்கியிருக்கிறது. பத்திரத்தில் ஐயாயிரம் என்று இருப்பதனால் ஐயாயிரமும் கொடுத்தே தீரவேண்டும் என்பது நம்மிடையே பரவியுள்ள தவறான எண்ணமாகும்.

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பொருந்தாத அளவில் அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை அச்சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. ஒப்பந்தமே நியாயமற்றது என்ற முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அது மாநில ஆணையத்துக்கு உரியது. சிறு தொகைக்காகச் சென்னைவரை செல்வானேன்? சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில் எழுதினால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

ஒரு கணக்கு

ஒரு விவசாயி மாதம் 600 ரூபாய்த் திட்டத்தில் 12 மாதங்களுக்கு இணைப்பு வாங்கினார் என்று கொள்வோம். 1,200 ரூபாய்ப் பொருத்துக் கூலி தள்ளுபடி செய்யப்பட்டது. ரூட்டர் இரவலாகத் தரப்பட்டது. 8 மாதங்கள் ஒழுங்காகக் கட்டியபின் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோனார். அங்கே கம்பி இல்லை. நிறுவனம் அனுப்பிய பில்லில் எஞ்சிய 4 மாதக் கட்டணம் 2,400, பொருத்துக் கூலி 1,200, ரூட்டர் விலை 2,000, ஆக 5,600 ரூபாய் கண்டிருக்கிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ரூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதன் விலையைக் கேட்க இடமில்லை. அதனை வேறொரு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பொருத்துக் கூலியை 12 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 100 ஆகிறது, 8 மாதப் பங்கு ஏற்கெனவே அடைந்துவிட்டது, மீதி 400. எஞ்சிய 4 மாதக் கட்டணத்தைப் பொறுத்தவரை, கொடுக்கப்படாத சேவைக்கு முழு விலை கேட்கிறார்கள். அச்சேவையைக் கொடுக்காததால் நிறுவனத்துக்கு மிச்சமான செலவு எவ்வளவு, இழந்த லாபம் எவ்வளவு என்று காட்டவேண்டிய பொறுப்பு அவர்களுடையது. ஒருகால், ஓராண்டு ஒப்புக்கொண்டதற்காக 700 ரூபாய்த் திட்டத்தை 600 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால், அனுபவித்த 8 மாதச் சலுகையான 800 ரூபாயைத் திருப்பிக் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் 400 முதல் 1,200 ரூபாய் வரையே நிற்கிறது, 5,600 நிற்கவில்லை. இவ்வாய்பாடு சட்டத்தில் எழுதியதன்று; நியாயமான ஈடு என்பதை நாம் இவ்வாறு கணக்கிடுகிறோம். ஆயினும், "ஒன்றும் தரமாட்டேன்" என்பவரைவிட, "400 தருகிறேன், கணக்கு இதோ" என்பவர் சொல்லுக்கு விசாரணையில் மதிப்பு அதிகம்.

அதே விவசாயிக்கு நிறுவனம் புதிய வீட்டிலும் இணைப்புத் தர முன்வந்து, அவரே வேண்டாம் என்று மறுத்திருந்தால் அவர் கட்சி பலம் குன்றிவிடும். இதற்கு மாறாக, மாற்றித் தருவதாகக் கூறி இரண்டு மாதம் வராமலிருந்து, அவ்விரண்டு மாதத்துக்கும் பில் போட்டிருந்தால், அது தெளிவான சேவைக் குறைபாடு.

ஓராண்டுப் பணத்தை முன்பணமாகக் கட்டியவர் நிலை இன்னும் சங்கடமானது. பணம் அவர்கள் கையில் இருப்பதால், கேட்டு வாங்கவேண்டியவர் நாமாகிறோம். வாடகை வீட்டிலிருப்போரும், கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஊர்விட்டு ஊர் செல்வோரும் சலுகையைக் கண்டு மயங்காமல் மாதந்தோறும் கட்டும் திட்டத்தையே எடுப்பது நன்று.

புறப்படுமுன் எழுத வேண்டியது

வீடு மாறுவது உறுதியானவுடன், பழைய வீட்டில் இருக்கும்பொழுதே நிறுவனத்துக்கு எழுதவேண்டும். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். கேபிள்காரரிடம் சொல்லிவிட்டோம் என்பதும் போதாது. நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கோ, விரைவுத் தபாலிலோ அனுப்பலாம். (பழைய பதிவுத் தபால் 2025 ஆம் ஆண்டில் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது.) தபால் ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும். கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா, எனது இணைப்பு எண் இன்னது. நான் இன்ன தேதியில் இன்ன முகவரிக்குக் குடிபெயர்கிறேன். அம்முகவரிக்கு இணைப்பை மாற்றித்தர இயலுமா, இயலுமாயின் எந்தத் தேதிக்குள், எவ்வளவு கட்டணம் என்பதை 10 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். இயலாதாயின், அன்றைய தேதியுடன் இணைப்பை நிறுத்தி, ரூட்டரைப் பெற்றுக்கொண்டு ரசீது தருமாறும், வைப்புத்தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேற்கொண்டு ஏதேனும் தொகை கோருவதாயின், நான் சம்மதித்த ஒப்பந்தத்தின் நகலையும், தொகையின் விவரக் கணக்கையும் அனுப்பவேண்டும்."

"அவ்விடத்தில் வசதி இல்லை" என்ற ஒரு வரி பதிலாக வந்தால், அதுவே நம் வழக்கின் முதல் சாட்சி. பழைய வீட்டுக்குக் குடிவருபவர் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள இசைந்தால் தகராறே எழாது. இதனையும் கேட்டுப் பார்க்கலாம். ரூட்டரை ரசீது இன்றி யாரிடமும் கொடுக்கலாகாது. அதன் வரிசை எண் தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுத்துவைக்க வேண்டும். பில் வந்தபின், ஒப்புக்கொள்ளும் பகுதியைக் கட்டி, மீதியை மறுப்பதாக எழுதவேண்டும்.

மனு போகும் வழி

முதற்படி நிறுவனத்தின் புகார் மையம். 2012 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தரப்படவேண்டும். அவ்வெண் இன்றிப் புகார் கொடுத்தோம் என்று சொல்வதில் பயனில்லை. அங்கே தீராவிடில், அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர் முடிவு கூறவேண்டும்.

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நேரே மனு எழுதுவோர் உளர். அவ்வாணையம் தனிநபர் தகராறுகளைத் தீர்ப்பதில்லை; ஆகவே அதில் நாட்களைப் போக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் இல்லையெனினும், அவர்கள் கேட்டமாத்திரத்தில் நிறுவனம் இறங்கிவருவதும் உண்டு.

அதற்கும் அசையாவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிணக்கு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். குடிபெயர்ந்தோருக்கு 2019 ஆம் ஆண்டின் சட்டம் செய்த பெரிய உதவி ஒன்றுண்டு: நிறுவனம் எங்கிருந்தாலும், நாம் இப்பொழுது குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தின் வாயிலாகவும் தாக்கல் செய்ய இயலும். ஊராட்சி அங்கத்தினர்கள் மனுதாரருக்குப் பில், ரசீது, கடித நகல்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்ததாகும். ஆனால் நிறுவனத்தின்மீது உத்தரவு போடும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி நிறுவனத்துக்கு அனுப்பலாம். அது வேண்டுகோளாக மட்டுமே நிற்கும்.

தொலைபேசித் தகராறுகள் நுகர்வோர் ஆணையத்துக்கு வாரா என்று நிறுவனங்கள் 2009 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் காட்டி வாதிட்டு வந்தன. 2022 ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்ற ஷரத்து இருப்பதும் நுகர்வோர் மனுவுக்குத் தடையாகாது.

மிரட்டும் கடிதங்கள்

பணம் கட்டாதிருக்கும்பொழுது, வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் கடிதங்கள் வரத் தொடங்கும். சிலவற்றில் போலீஸ், கைது என்ற சொற்களும் காணப்படும். இணைப்புக் கட்டணப் பாக்கி என்பது சிவில் விவகாரம். இதற்காக எவரையும் கைது செய்ய முடியாது. ஆயினும் கடிதத்துக்குப் பதில் எழுதாமலிருத்தல் கூடாது. "தொகையை மறுக்கிறேன், புகார் எண் இன்னது, கணக்கு இணைத்திருக்கிறேன்" என்ற மூன்று வரி போதும்.

லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் அவசியம் செல்லவேண்டும். அங்கே இரு தரப்பும் இசைந்தாலன்றித் தீர்வு இல்லை. ஆனால் இசைந்து கையெழுத்திட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பாகும். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. "பாதி கட்டிவிடுங்கள்" என்பார்கள். 5,600 ரூபாயில் பாதி 2,800; நம் கணக்கில் கொடுக்கவேண்டியதோ 400. ஆகையால் கணக்குத் தாளைக் கையில் கொண்டுசென்று, தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் படித்துப் பார்த்தபின்பே கையொப்பமிடுக. தனியே செல்லத் தயங்கும் பெண்களும், ஆதிதிராவிட, பழங்குடி மக்களும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள். வட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதுமானது.