பேட்ச் ஃபைலில் மாறிகள்: படகுக் கணக்கு போடுவோமா?

மண்டபம் போன்ற ஊர்களில் கரை திரும்பியதும் செலவைக் கழித்து மீதியைப் பங்கு பிரிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. எனவே ஒவ்வொரு பங்கும் சரியாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் கம்ப்யூட்டரிலேயே போடலாம். தனி சாஃப்ட்வேர் வேண்டாம். விண்டோஸில் உள்ள பேட்ச் ஃபைல் போதும்.

மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா. அதில் மதிப்பைப் போட்டு வைக்க உதவும் கட்டளை செட்.

செட் டீசல்=18000

முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. இந்த வரியே மாறியை உருவாக்கிவிடும். சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள். விட்டால் அந்த இடைவெளியும் பெயரிலும் மதிப்பிலும் சேர்ந்துவிடும். மதிப்பைத் திரும்ப எடுக்க, பெயரின் இருபுறமும் % குறி இடுங்கள்.

வெறும் செட் கட்டளைக்கு எல்லாமே எழுத்துதான். 18000+2400 என்று கொடுத்தால் கூட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளும். கூட்ட வேண்டுமானால் /ஏ சேர்க்க வேண்டும். பயனரிடம் கேட்டு வாங்க /பி.

நோட்பேடைத் திறந்து கீழ்க்கண்டவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். உச்சரிப்பை மட்டும் இங்கே தமிழில் தந்துள்ளோம். மாறிகளின் பெயரை எல்லா வரியிலும் ஒரே ஸ்பெல்லிங்கில் எழுதுங்கள்.

@எக்கோ ஆஃப்
செட் /பி வரவு=வரவு?
செட் /பி டீசல்=டீசல்?
செட் /பி ஐஸ்=ஐஸ்?
செட் /ஏ மீதி=வரவு-டீசல்-ஐஸ்
செட் /ஏ பங்கு=மீதி/6
செட் /ஏ சில்லறை=மீதி%%6
எக்கோ %பங்கு% %சில்லறை%
பாஸ்

சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரின் முடிவில் புள்ளி வைத்து பி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளைச் சேருங்கள். பிறகு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். தொகைகளைக் காற்புள்ளி இல்லாமல் தட்டுங்கள்.

வரவு 34000, டீசல் 18000, ஐஸ் 2400 என்று கொடுத்துப் பாருங்கள். மீதி 13600. திரையில் 2266, 4 என்று வரும். உண்மையில் ஒரு பங்கு 2266 ரூபாய் 66 பைசாவுக்குச் சற்று மேல். /ஏ முழு எண்ணை மட்டுமே அறியும். பின்னத்தை எச்சரிக்காமல் வெட்டிவிடும். அதனால்தான் சில்லறை வரி. ஆறு பங்கு போக மிஞ்சும் 4 ரூபாயை அது காட்டிக் கொடுக்கிறது. பேட்ச் ஃபைலுக்குள் மீதி காணும் % குறியை இருமுறை இட வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

விண்டோவை மூடியதும் மாறிகள் அழிந்துவிடும். ஆகவே விடையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பங்கு எண்ணிக்கை வேறானால் 6 வரும் இரண்டு இடங்களிலும் மாற்றுங்கள். அல்லது அதற்கும் ஒரு மாறி வைத்துப் பாருங்களேன்!