சுட்ட பிறகுதான் அதற்கு வேலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். தாத்தா காலத்தில் கரிசக்காட்டில் முயல் விரட்டிய உங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய், ஆள் போய்ச் சேர்வதற்குள் பாதியைக் குதறியிருக்குமாம். அப்படியிருக்க, இந்த ஊர் லாப்ரடார் மட்டும் சுட்ட வாத்தைத் தோல் கிழியாமல் எப்படிக் கொண்டுவந்து கொடுக்கிறது என்பது முதல் கேள்வி. இந்த வாத்து வேட்டையைப் போய்ப் பார்க்க மனசு வருகிறதா என்பது இரண்டாவது. ஒரு லாப்ரடார் குட்டி வாங்கலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கே பாதித் தாள் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேட்டை பார்க்கப் போனது அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் பக்கம். பெயர் ஜெர்மனியிலிருந்து வந்தது, பிழைப்பு நெல். குளிர்காலத்தில் கனடாப் பக்கமிருந்து இறங்கிவரும் வாத்துகளுக்கு, அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லும் தாழ்வான காடுகளில் உதிர்ந்த ஓக் கொட்டையும் தீனி. இலையுதிர்காலத்தில் மதகை அடைத்து அந்தக் காடுகளுக்குள்ளேயே தண்ணீரைத் தேக்குகிறார்கள். வாத்துபோலக் குரல் கொடுக்கும் போட்டி ஒன்று 1936 முதல் அந்த ஊரில் நடக்கிறது. ஜெயித்தவருக்கு உலகச் சாம்பியன் பட்டம். சிரிக்காதீர்கள், அவர்கள் சிரிப்பதில்லை.

என்னை அழைத்துப் போனவர் நெல் போடும் விவசாயி. நாய் அவருடையது, கறுப்புப் பெட்டை, பெயர் ஜெட். விடியுமுன்னே மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் மரம் மரமாகத் தடவி நடந்தோம். பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டார்கள். ஜெட்டுக்கு ஒரு மரத்தில் சின்ன மேடை மாட்டி, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர்ச் சட்டையும் போட்டார்கள். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்புதான் முதல் வெடி வெடிக்கலாம் என்பது சட்டம். அதுவரை ஆளுக்கொரு மரத்தில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். வானத்தில் வாத்து தெரிந்ததும் ஒருவர் குழலை ஊதுவார், மற்றவர்கள் காலால் தண்ணீரை அளைவார்கள். மேலே இருந்து பார்க்கிற கூட்டத்துக்குக் கீழே வாத்துகள் மேய்கிற மாதிரித் தோன்றவேண்டும்.

நான் வானத்தைப் பார்ப்பதைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். நாயின் தலையைப் பார்த்தால் போதும். நமக்குக் கேட்காத இறக்கைச் சத்தம் அதற்குக் கேட்கிறது, தலை மெல்லத் திரும்புகிறது. உடம்பு நடுங்குகிறது. குளிர் என்று நினைத்தேன், விவசாயி இல்லை என்று தலையசைத்தார்.

பச்சைத்தலை மல்லார்ட் வாத்துகள் மரங்களுக்கு நடுவே இறங்கின. வெடித்தார்கள். இரண்டு அங்கேயே விழுந்து மிதந்தன. மூன்றாவது, இறக்கை முறிந்து தூரத்தில் விழுந்து புதர்ப்பக்கம் நீந்தியது. இந்த இடத்தில்தான் உங்கள் சிப்பிப்பாறையை நினைத்துக்கொண்டேன். அது இந்நேரம் பாய்ந்திருக்கும். ஜெட் அசையவில்லை. இந்த வகை நாய்களுக்குப் பெரும்பாலும் ஓரசைப் பெயராக வைப்பது இதற்காகத்தான்: அதன் பெயரைச் சொல்வதுதான் புறப்படு என்ற கட்டளை. பக்கத்தில் வேறு நாய் இருந்தாலும், அந்தப் பெயருக்கு அது கிளம்பாது. பெயர் காதில் விழுந்த நொடியில் மேடை காலி.

செத்து மிதந்த இரண்டையும் தாண்டி நேராக அடிபட்டதை நோக்கிப் போயிற்று. அடிபட்ட வாத்து முங்கிவிடும். முங்கி வேறெங்கோ தலையை மட்டும் நீட்டும். ஜெட் திகைத்துச் சுற்றியது. விவசாயி விசிலை ஒரு முறை ஊதினார். நீந்திக்கொண்டே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. வலது கையை நீட்டினார், வலப்பக்கம் போயிற்று. மறுபடி விசில், கை மேலே உயர்ந்தது, இன்னும் உள்ளே போயிற்று. புதருக்குள் மறைந்து, வெகுநேரம் கழித்து வாத்தோடு வந்தது. உயிருள்ள வாத்து, தலை ஆடிக்கொண்டிருந்தது, பல் பட்ட தடம் இல்லை. கையில் வைத்தது. அவர் அதன் கழுத்தைத் திருகி முடித்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லாப்ரடார் சாதுவான வயிறு உள்ள பிராணி என்று எண்ணிவிடாதீர்கள். பெருந்தீனிக்காரன். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள்: ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு, போதும் என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறதாம். அந்த நாய்தான் வெதுவெதுப்பான வாத்தை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்காமல் நீந்தி வருகிறது.

பாதி இரத்தம், பாதி பழக்கம். இதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு இருந்த தண்ணீர் நாய்கள். தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கடலில் மிதக்கும் கயிற்றையும் கவ்விவந்து கொடுப்பது அவற்றின் வேலை. மீன் கப்பல்களோடு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தன. மாம்ஸ்பரி பிரபுவும் பக்ளூ கோமகனும் வாங்கி வளர்த்தார்கள். 1903-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. அந்த மூதாதை நாய் இனமே இப்போது இல்லை, 1980களில் அற்றுப்போயிற்று. லாப்ரடாரில் ஒவ்வொரு தலைமுறையிலும் மென்மையாய்க் கவ்வுகிறதையே இனம் சேர்த்தார்கள். மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும். முதலில் கித்தான் உருளை, பிறகு அதில் கட்டிய இறகு, பிறகு செத்த பறவை. கடித்து நசுக்குகிற நாயை வேட்டைநாய்ப் போட்டியிலிருந்தே தள்ளிவிடுகிறார்கள்.

உங்கள் நாயைக் குறை சொல்லவில்லை. ஓடிப் பிடித்துக் கொல்வதற்காகவே வளர்த்த இனம் அது, கொன்றதும் அதன் வேலை முடிந்தது. இதற்கு வேலையே வெடிச்சத்தத்துக்கு அப்புறந்தான்.

இரண்டாவது கேள்வி. நான் சுடுவதில்லை. ஆனால் சுட்டதைத் தேடாமல் விட்டுவருகிற மனிதனைவிட, நாயை வளர்த்துத் தேடவைக்கிறவன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அடிபட்டு ஒளிந்த வாத்து புதரில் கிடந்து சாகும். அதைத் தேடி எடுக்க முயலவேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. வேட்டைக்காரர்கள் வருஷா வருஷம் வாங்கவேண்டிய வாத்து முத்திரை ஒன்று 1934 முதல் இருக்கிறது. இன்று 25 டாலர், அதில் பெரும்பகுதி நீர்நிலம் வாங்கப் போகிறது. 1959-இல் வந்த முத்திரையில் கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார் வாத்தைக் கவ்வி நிற்கிறது. அந்த வரிசையில் நாய் முதன்மையாக இடம்பெற்றது அது ஒன்றுதான். ஈய ரவையை வாத்து வேட்டையில் 1991-இல் நாடு முழுக்கத் தடுத்தார்கள், சேற்றில் கிடந்த ரவையைப் பொறுக்கித் தின்று வாத்துகள் செத்ததால். 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவில் பறவைகள் மொத்தமாகக் குறைந்தபோதும் வாத்தினங்கள் பெருகின என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. வேட்டைக்காரர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். கணக்கு சரிதான். கழுத்து திருகப்பட்ட அந்த ஒரு வாத்துக்கு இந்தக் கணக்கில் பங்கில்லை என்பதும் சரிதான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

நம் ஊரில் இந்த வேட்டை வேண்டும் என்று சொல்லமாட்டேன். அர்க்கன்சாவில் சுடுகிற அதே ஊசிவால் வாத்து நம் ஏரிகளுக்கும் குளிருக்கு வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. சிப்பாய்களின் துப்பாக்கியிலிருந்து பறவைகளைக் காக்க 1798-லேயே கலெக்டரிடம் கவுல் என்ற உறுதிப்பத்திரம் வாங்கிய வேடந்தாங்கல்காரர்கள் இருக்கிற நாட்டில், அந்த வழக்கமே போதும்.

குட்டி விஷயம். வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். குளிர்நீருக்கென்று அமைந்த எண்ணெய்ப்பசை உள்ள இரட்டை ரோமத்தோடு, உங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது படும் பாட்டை யோசியுங்கள். பேரன் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல உங்களால் முடியாது என்பதும் தெரியும். அப்படியானால் கண்மாயில் தண்ணீர் நிற்கிற கார்த்திகையில் வாங்குங்கள். சாயங்காலம் தேங்காய் மட்டையை எறிந்து எடுத்துவரச் சொல்லுங்கள். சோற்றை மட்டும் அளந்து போடுங்கள், அது கெஞ்சுவதை நம்பாதீர்கள். சிப்பிப்பாறையைப் பக்கத்தில் கட்டி வைக்கவேண்டாம், மட்டை பாதி வழியிலேயே பறிபோகும்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும் நண்பன்