படகு இன்ஜினின் இரைச்சலும் நமது வயர்லெஸ்ஸும்



காத்திவாக்கத்தில் என் மாமாவுக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. லீவில் ஒருநாள் கரைக்குப் போயிருந்தபோது மாமா பிடித்துக்கொண்டார். "இன்னாடா, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கிறேன்ற! இன்ஜினைப் போட்டா வயர்லெஸ்ல ஒரே இரைச்சல். அத்த நிறுத்த முடியாதா?"

இரைச்சல் தாங்காமல் அவர் ஸ்கெல்ச் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். இரைச்சல் அடங்கியது, கூடவே தூரத்துப் படகுகளின் குரலும் அடங்கிவிட்டது. காற்று கிளம்பிய ஒரு நாள், "கரைக்குத் திரும்புங்க" என்று பக்கத்துப் படகு கூப்பிட்டது அவர் காதில் விழவேயில்லை. நல்லவேளையாகத் திரும்பி வந்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டாமல் நடுக்கடலில் மாட்டிக்கொண்ட குமரி மாவட்ட மீனவர்களை நாம் மறக்க முடியுமா? ஆகவே இது வெறும் காது வலிக்கிற விஷயமில்லை.

இரைச்சல் பிறக்கும் இடம்

ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1880களின் இறுதியில் ரேடியோ அலையை உண்டாக்கியதே தீப்பொறியை வைத்துத்தான். பெட்ரோல் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கும் அப்படியொரு குட்டி டிரான்ஸ்மிட்டர். அதன் ஒயர்தான் ஆன்டெனா. டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. ஆனால் ஆல்டர்னேட்டர், பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ், எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் இரைச்சல் போடும்.

காதாலேயே கண்டுபிடிக்கலாம்

முதலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்து ரேடியோவை மட்டும் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள்.

1. த்ராட்டிலைக் கூட்டினால் வேகமாகும் 'டக் டக்' – ஸ்பார்க் பிளக்.
2. த்ராட்டிலோடு சுருதி ஏறும் 'கீ' ஓசை – ஆல்டர்னேட்டர்.
3. இன்ஜின் நின்றும் நிற்காத 'உஸ்ஸ்' – எல்.இ.டி. விளக்கு அல்லது சார்ஜர்.
4. பம்ப் ஓடும்போது மட்டும் 'கரகர' – பிரஷ் மோட்டார்.
5. படகு ஆடினால் விட்டுவிட்டு வருவது – துருப்பிடித்த கனெக்ஷன்.

அடுத்து ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். (அப்போது பேசும் பட்டனை அழுத்தக்கூடாது, செட் பழுதாகும்.) இரைச்சல் மறைந்தால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. மறையாவிட்டால் பெரும்பாலும் சப்ளை ஒயர் வழியாக வருகிறது.

மருந்து என்ன?

பிளக்குக்கு: ரெசிஸ்டர் உள்ள பிளக். பல கம்பெனிகளின் பிளக் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். உள்ளே சுமார் 5 கிலோ ஓம் இருப்பதால் கரண்ட் திடீரென்று பாய்வது குறைகிறது. இன்ஜின் கையேடு சொல்லும் வகையையே போட வேண்டும்.

ஆல்டர்னேட்டருக்கு: அவுட்புட் முனைக்கும் பாடிக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் அளவில் கெபாசிடர். ஃபீல்டு முனையில் மட்டும் போடவே கூடாது, ரெகுலேட்டர் கெட்டுவிடும்.

விளக்குக்கும் சார்ஜருக்கும்: ஒயரை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் விளக்கையே மாற்றுங்கள்.

ரேடியோவுக்கு: பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர், ஃபியூஸோடு. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் முறுக்கிக் கொண்டுபோனால் இரைச்சல் ஏறுவது குறையும். ஆன்டெனா இன்ஜினுக்கு எட்ட இருக்கட்டும்.

ஒரு சின்னக் கணக்கு

1 மைக்ரோஃபாரட் கெபாசிடர் 1 மெகாஹெர்ட்ஸில் வெறும் 0.16 ஓம். இரைச்சல் சுலபமாக எர்த்துக்குப் போய்விடும். ஆனால் அதன் கால் 10 சென்டிமீட்டர் நீளமிருந்தால் சுமார் 0.1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் சேரும். அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அங்கே அந்தக் காலே ஏறக்குறைய 100 ஓம்! கெபாசிடர் இருந்தும் இல்லாத மாதிரிதான். காலை ஒட்ட வெட்டுங்கள் என்று லேபில் திட்டு வாங்குகிறோமே, காரணம் இதுதான். ஃபைபர் படகின் உடம்பு மின்சாரம் கடத்தாது. எனவே எர்த்துக்கு மெல்லிய ஒயரைவிட அகலமான, குட்டையான செம்புப் பட்டையே நல்லது.

இன்னொன்று: இரைச்சல் 6 டெசிபல் கூடினால், தடையில்லா வெளியில் குரல் எட்டும் தூரம் பாதியாகிறது.

மாமா படகில் நடந்தது

இரண்டு குற்றவாளிகள் அகப்பட்டார்கள்: ரெசிஸ்டர் இல்லாத பிளக், மலிவாக வாங்கிய எல்.இ.டி. விளக்கு. இரண்டையும் மாற்றினோம். இப்போது ஸ்கெல்ச் குமிழ் பாதிக்கும் கீழேதான் நிற்கிறது. "இப்பதான்டா படிச்சதுக்கு அர்த்தம்" என்றார் மாமா.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் வாடை இருந்தால் பேட்டரி ஒயரைத் தொடாதீர்கள். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி படகில் இருந்தால் அதைத் திறக்கவோ சோதிக்கவோ வேண்டாம்.

படகுகளின் ரேடியோ இரைச்சலுக்கென்று சிஸ்பர் 12 என்ற சர்வதேசத் தர அளவே உண்டு. ஆனால் நம் கரையில் அளந்து பார்க்க ஆளில்லை. மூன்றாமாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வாருங்கள். வேலை நிறைய இருக்கிறது!

– மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை