பி.ஏ. பொருளியலில் சேர்ந்துவிட்டீர்களா?

பி.காம் கிடைக்காமல் பொருளியலுக்கு வந்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் நிறையப் பேர் இருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்தபின் ஆறு செமஸ்டரையும் கைடை உருப்போட்டே கடந்துவிட்டு, ‘இந்தப் படிப்புக்கு வேலையே இல்லை’ என்று புலம்புவதுதான் வம்பு. கைடைத் தாண்டிப் படிக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

• கணக்கை முதல் ஆண்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களுக்கு இது இன்னும் அவசரம். கோட்டின் சாய்வு, மடக்கை, எளிய வகைநுண்கணிதம், தொடங்குவதற்கு இவ்வளவு போதும். மொத்தச் செலவை வகையிட்டால் வருவதுதான் இறுதிநிலைச் செலவு என்று பிடிபட்டுவிட்டால், நுண்ணியலில் பல வரையறைகளை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

• படித்ததைச் சந்தையில் உரசிப் பாருங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மக்கள் குறைவாக வாங்கினார்கள். குறைந்தது தேவையா, தேவைப்படும் அளவா? வரையறைக்கு முழு மதிப்பெண் வாங்குகிறவர்களே இங்கே தடுமாறுவார்கள். தேவைக்கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் மேலே நாம்தான் இடம் மாறினோம். அப்போது ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றதே, அதை எந்தப் படத்தில் காட்டுவது? விலை வித்தியாசத்தை யார் சுமந்தார்கள்? தக்காளியை வைத்தே ஒரு யூனிட்டை முடித்துவிடலாம்.

• மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு ஊருக்குப் போங்கள். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து கிராமங்களைக் கணக்கெடுக்க வைத்தார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே என்று அவர்கள் திரட்டியது 1918இல் புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, வடமலைபுரம், தூசி, கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. பிற்காலத்து ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் எடுத்த கணக்கு ஒரு நூற்றாண்டு தாண்டியும் பயன்படுகிறது. நாமோ ‘ஷாம்பூ வாடிக்கையாளர் திருப்தி’ என்று ஐம்பது பேரிடம் படிவம் நிரப்பி, பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்! உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் மகளிர் குழுக் கடன் இருக்கிறது, நூறு நாள் வேலைக் கூலி எத்தனை நாள் கழித்து வருகிறது என்று கேட்டாலே நல்ல புராஜெக்ட் கிடைக்கும்.

• அரசின் பொருளாதார ஆய்வறிக்கையைப் புரட்டுங்கள். மத்திய அரசு பட்ஜெட்டை ஒட்டி வெளியிடுகிறது. தமிழ்நாடும் 2025 மார்ச்சில் முதன்முறையாகத் தனக்கென ஒன்றை வெளியிட்டது. முழுவதும் வேண்டாம், அட்டவணைகள் போதும்.

செய்யக்கூடாதவை

• சதவீதத்தில் ஏமாறாதீர்கள். பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 ஆனால் விலை இறங்கிவிட்டதாக டிவி விவாதத்திலேயே பேசுகிறார்கள். 100 ரூபாய்ச் சாமான் முதல் ஆண்டு 106 ஆகி, மறு ஆண்டு 110 ரூபாய் 24 காசு ஆகிறது. ஏறும் வேகம்தான் குறைந்தது. ரெப்போ வட்டியும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் 6.50இலிருந்து 6.25 ஆனபோது குறைந்தது கால் சதவீதப் புள்ளி. அதைக் ‘கால் சதவீதம் குறைவு’ என்று விடைத்தாளில் எழுதாதீர்கள்.

• ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்ற வரியைத் தாண்டிப் படிக்காதீர்கள். கோட்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

• கட்சிக்காரர் சொன்ன முடிவை வைத்துக்கொண்டு அதற்கு எண் தேடாதீர்கள்.

• எந்த ஷேர் வாங்கலாம் என்று சித்தப்பா கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அது வேறு தொழில்.

• மேற்படிப்பைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு இளங்கலை போதாது, முதுகலை வேண்டும். ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர்வதற்கான ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளியல் தாள் இருக்கிறது. கேள்விகள் ஆங்கிலத்தில், கணிதமும் புள்ளியியலும் கணிசமாக. தமிழ்வழியில் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே ஓர் ஆங்கிலப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஜாம் விண்ணப்பம் ஐந்தாம் செமஸ்டரிலேயே, செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும்.